மாமாவின் கேசட்டும் 6,912 பைட்டும்

போன போகிக்கு மாமா வீட்டுப் பரணை ஒழிக்கப் போயிருந்தேன். பழைய காலண்டர், உடைந்த மிக்சி ஜார், கட்டுக்கட்டாக மின்கட்டண ரசீது எல்லாம் இறங்கின பிறகு மூலையில் ஒரு தகர பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே ஏழு கேசட். ஆறில் சினிமாப் பாட்டு. ஏழாவதின் மேல் பச்சை மையில் மாமாவின் கையெழுத்து: "சரிகம. ஸ்பெக்ட்ரம். 2வது காப்பி."

"அத மட்டும் போட்றாத கண்ணு" என்றார் மாமா கீழே இருந்து. பார்வை மங்கிவிட்டது அவருக்கு. டப்பா குலுங்கிய சத்தத்திலேயே எது என்று தெரிந்துகொண்டார்.

1988-ல் எனக்குப் பத்து வயது. மாமா அப்போது கோயம்புத்தூரில் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரிகல் இன்ஜினியர். ஷிப்ட் முடிந்து வந்தால் வயலின். அந்த வருஷம் வயலினோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ். கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை 1986-ல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி இந்தியாவில் விற்க ஆரம்பித்திருந்தது. கறுப்பாக, ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கீபோர்டு. அவ்வளவுதான் கம்ப்யூட்டர். திரைக்கு வீட்டு டிவி, புரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், விநாடிக்கு 50 தடவை திரையை வரைகிற கணக்கில் ஓடியது அந்தப் பெட்டிக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு கேம் லோடு ஆக நாலைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க நாங்கள் மூன்று பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேசையில் கை பட்டால் மாமா முறைப்பார். நாலாவது நிமிடத்தில் கரண்ட் போன மாலைகளை நான் இன்னும் மறக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து.

அந்தக் கேசட்டை இந்த வருஷம் நான் மீட்டெடுத்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எடுக்கப் போன இடத்தில் நான் கண்டது வேறொன்று. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஏன் அப்படித் தெரிந்தன, ஏன் அப்படிக் கத்தின என்பதற்கான முழு விடையும் மாமா வரைந்து வைத்திருந்த ஒரே ஒரு படத்தில் இருந்தது.

முதலில் டேப்பைப் படிக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த நாடா. ஒரு பழைய பிளேயரை வாங்கி, ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பில் பதிவு செய்தேன். லேப்டாப்பை ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராம் அதை ஏற்கவே இல்லை. மாமாவிடம் போனில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு விநாடிதான் கேட்டார்.

"ஹெட்டு கோணலா நிக்குது. பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும் பாரு. திருப்பு. சத்தம் கூர்மையாகறப்ப நிறுத்து."

திருப்பினேன். கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்த சத்தம் சட்டென்று பளிச்சென்றது. அடுத்த முயற்சியில் எமுலேட்டரின் திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓட ஆரம்பித்தன.

அந்தப் பட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முதலில் 800 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஒரே சீராக ஒரு ஊதல், சிவப்பு-வெளிர்நீலப் பட்டை. தரவு வர ஆரம்பித்ததும் கரகரப்பு, நீலம்-மஞ்சள் பட்டை. சிறு வயதில் அதை அலங்காரம் என்று நினைத்தேன். அலங்காரமே இல்லை. ஸ்பெக்ட்ரத்தில் 254 என்ற எண் கொண்ட ஒரே ஒரு வாசல் உண்டு. அந்த வாசலுக்கு ஒரு பைட்டை, அதாவது எட்டு பிட்டை, எழுதினால் கடைசி மூன்று பிட் ஓரத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும், ஒரு பிட் டேப்புக்குப் போகும், இன்னொரு பிட் ஸ்பீக்கருக்குப் போகும். அதே வாசலில் படித்தால் கீபோர்டும் டேப்பிலிருந்து வரும் சத்தமும் கிடைக்கும். டேப்பிலிருந்து அலை மேலே கீழே போகிற ஒவ்வொரு தடவையும் புரோகிராம் ஓர நிறத்தை மாற்றுகிறது. நாம் கேட்கிற சத்தத்தையே கண்ணாலும் பார்க்கிறோம். சிக்கனம் அந்தப் பெட்டியில் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இந்த ஒரு வாசலே போதும்.

1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் வந்தபோது 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கமடோர் 64-ன் விலை 595 டாலர். ரிச்சர்ட் ஆல்ட்வாசர் என்ற இன்ஜினியர் வன்பொருளை வடிவமைத்தார், ஸ்டீவ் விக்கர்ஸ் பேசிக் மொழியை எழுதினார். 3.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 35 லட்சம் துடிப்பில், ஓடும் ஒரு இசட்80 பிராசசர், ஃபெரான்டி செய்து கொடுத்த யூ.எல்.ஏ. என்ற ஒரு சிப், கொஞ்சம் நினைவகம். படத்துக்கென்று தனி சிப் இல்லை, சத்தத்துக்கென்று தனி சிப் இல்லை. திரை, சத்தம், டேப், கீபோர்டு எல்லாவற்றையும் அந்த யூ.எல்.ஏ. ஒன்றே பார்த்துக்கொண்டது.

லோடிங்குக்கு வருவோம். திரையில் மாமாவின் படம் இறங்க ஆரம்பித்தது. ஸ்பெக்ட்ரத்தில் படம் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்காது. திரையை மூன்று பகுதியாகப் பிரித்து, மேல் பகுதியில் முதல் கோடு, பிறகு 9-வது, 17-வது என்று எட்டெட்டாகத் தாண்டி 57 வரை போய், மறுபடி மேலே வந்து 2-வது, 10-வது, 18-வது என்று நிரப்பும். ஜன்னல் தட்டியை மெல்ல மூடுவது மாதிரி இருக்கும். மேல் பகுதி நிறைந்த பிறகுதான் நடுப்பகுதி, அப்புறம் கீழ்ப்பகுதி. இதுவும் வேடிக்கைக்காகச் செய்ததில்லை. ஓர் எழுத்தின் எட்டுக் கோடுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நினைவக முகவரியில் 256 கூட்டினால் போதும் என்று அடுக்கியிருந்தார்கள். 256 கூட்டுவது இசட்80-க்கு மிக மலிவான வேலை, முகவரியின் மேல் பாதியில் ஒன்று ஏற்றினால் ஆயிற்று, நாலே துடிப்பு. எழுத்து எழுதுவது வேகமாகிவிட்டது. மற்ற எதை வரைய வேண்டும் என்றாலும் புரோகிராமருக்குத் தலைவலிதான்.

அரை நிமிடம் போல இப்படிக் கறுப்பு வெள்ளையில் ஒரு வயலின் உருவாயிற்று. கடைசி நாலைந்து விநாடியில் மேலிருந்து கீழே சரசரவென்று நிறம் ஊற்றியது. சிவப்பும் மஞ்சளும் கலந்த உடம்பு, கறுப்புப் பின்னணி, நடுவில் சிவப்புப் பட்டையின் மேல் நாலு வெள்ளைத் தந்தி.

நான் எமுலேட்டரை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வரைந்த படம் என்ற பாசம் ஒரு பக்கம். கணக்கு இன்னொரு பக்கம்.

ஸ்பெக்ட்ரத்தின் திரை குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 192 புள்ளி. மொத்தம் 49,152. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால், அதாவது எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால், 6,144 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 நிறத்தில் ஒன்றைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்றால் புள்ளிக்கு 4 பிட், மொத்தம் 24,576 பைட் வேண்டும். 16 கிலோபைட் மாடலில் மொத்த நினைவகமே 16,384 பைட்தான். விளையாட்டை விடுங்கள், படமே உள்ளே போகாது. அதனால் ஆல்ட்வாசர் திரையை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தார். குறுக்கே 32, நெடுக்கே 24, ஆக 768 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு பைட். அதற்குள் எரிகிற புள்ளிக்கு ஒரு நிறம், எரியாத புள்ளிக்கு ஒரு நிறம், பிரகாசம் வேண்டுமா, மினுக்க வேண்டுமா. 6,144-ம் 768-ம் சேர்ந்து 6,912 பைட். வண்ணப்படம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. 125 பவுண்டுக்குக் கலர் கம்ப்யூட்டர் கிடைத்தது இந்தக் கணக்கால்தான்.

அதற்குக் கொடுத்த விலை, 64 புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் மூன்றாவது நிறம் வரவே முடியாது என்பது.

இப்போது மாமாவின் வயலினைப் பாருங்கள். வயலின் பழுப்பு. ஸ்பெக்ட்ரத்தில் இருப்பது கறுப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, வெளிர்நீலம், மஞ்சள், வெள்ளை என்று எட்டு. பிரகாசத்தைச் சேர்த்தால் பதினைந்து. பழுப்பு கிடையாது. மாமா உடம்புக் கட்டங்களில் எல்லாம் மஞ்சள் மேல் சிவப்புப் புள்ளியை ஒன்று விட்டு ஒன்றாக வைத்திருந்தார், தள்ளி நின்று பார்த்தால் தேன் நிறம் வரும். ஆனால் வயலினின் விளிம்பு கறுப்புப் பின்னணியைத் தொடுகிற கட்டத்தில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிறம் தேவை. அங்கே மஞ்சளைக் கைவிட்டுவிட்டார். விளிம்பு முழுக்க வெறும் சிவப்பு. பார்க்கிறவருக்கு அது வயலினுக்குப் போட்ட கரை மாதிரித் தெரியும். தந்தி வெள்ளையாக வேண்டும். தந்தி போகிற கட்டத்தில் வெள்ளை போய்விட்டால் மிச்சம் ஒரு நிறம்தான். அந்தக் கட்டங்களை முழுச் சிவப்பாக்கி மேலே வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். அதுவே விரல்பலகை ஆகிவிட்டது.

நிறத்துக்கான 768 பைட்டை மட்டும் தனியே எடுத்து எண்களாகப் பார்த்தேன். நடு வரிசையில் வயலின் இருந்த இடம் இப்படி இருந்தது: 2, 50, 50, 50, 23, 23, 50, 50, 50, 2. சிவப்பு 2, மஞ்சள் 6, வெள்ளை 7. பின்னணி நிறத்தை எட்டால் பெருக்கி மேல் நிறத்தைக் கூட்ட வேண்டும். மஞ்சள் மேல் சிவப்பு என்றால் ஆறெட்டு நாற்பத்தெட்டும் இரண்டும் 50. சிவப்பு மேல் வெள்ளை 23. கறுப்பு மேல் சிவப்பு வெறும் 2. மாமா கிராஃப் தாளில் பென்சிலால் போட்ட கணக்கு அந்தப் பத்து எண்ணில் அப்படியே நிற்கிறது. எங்கே நினைத்ததைச் செய்தார், எங்கே விட்டுக்கொடுத்தார், எந்த விட்டுக்கொடுத்தலை அழகாக மாற்றினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம்.

எனக்கு ஓர் ஆசை வந்தது. இந்த வயலினின் மேல் வில் போய் வந்தால் எப்படி இருக்கும்? இரண்டு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து இசட்80 அசெம்பிளியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வெள்ளை வில், மூன்று புள்ளித் தடிமன், சாய்வாக. கறுப்புப் பின்னணியில் இருக்கும்வரை அழகாகத்தான் வந்தது. வயலினின் உடம்பைத் தொட்ட கணமே எல்லாம் குழம்பியது. கட்டத்தின் நிறத்தை மாற்றாமல் விட்டால் வில் சிவப்பாகிப் புள்ளிகளுக்குள் கரைந்துவிடும். வெள்ளைக்கு மாற்றினால் அந்தக் கட்டத்தில் இருக்கிற வயலினின் சிவப்புப் புள்ளி எல்லாம் சேர்ந்து வெள்ளையாகிவிடும். வில் நகர நகர, கூடவே சதுரம் சதுரமாக ஒரு வெள்ளைப் படை நகர்கிறது. படிக்கட்டு மாதிரி.

இதை நேரில் செய்து பார்க்கும்வரை எனக்கு அந்த விளையாட்டுகளின் தோற்றம் புரிந்ததே இல்லை. சின்ன வயதில், ஓடுகிற ஆள் ஒரு செடியைத் தாண்டும்போது அவன் தலை பச்சையாவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எழுதினவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். எழுதினவனுக்கு அது நன்றாகவே தெரியும். எழுதின ஒவ்வொருவரும் இந்தச் சுவரில் வந்து முட்டித்தான் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அல்டிமேட் நிறுவனம் 1984-ல் வெளியிட்ட நைட் லோர். ஸ்டாம்பர் சகோதரர்கள் டிம், கிறிஸ் இருவரும் செய்தது. ஓர் அறைக்கு ஒரே நிறம், பின்னணி கறுப்பு. நிறத்தை அவ்வளவு தூரம் துறந்துவிட்டதால் கட்டத்துக்குள் நிறங்கள் மோதும் என்ற பேச்சே இல்லை. மிச்சப்பட்ட உழைப்பை எல்லாம் ஆழத்தில் போட்டார்கள். சாய்கோணத்தில் தெரிகிற அறை, கல்லுக்குப் பின்னால் ஆள் போனால் ஆள் மறைகிறான், முன்னால் வந்தால் கல் மறைகிறது. இதைச் செய்ய ஒவ்வோர் உருவத்துக்கும் கூடவே ஒரு நிழல்வடிவம் வைத்திருந்தார்கள். முதலில் அந்த வடிவத்தை வைத்துப் பின்னணியில் ஓட்டை வெட்டுவது, பிறகு அந்த ஓட்டையில் உருவத்தைப் பொருத்துவது. அறையில் பொருள்கள் கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். இசட்80 மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது குறையாகவே பட்டதில்லை, கூட ஓடுகிற ஆளின் மூச்சு கேட்பது மாதிரிதான்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. டான் பிரீஸ்ட்லி 1986-ல் செய்த டிராப் டோர் விளையாட்டில் உருவங்கள் மிகப் பெரிதாக, நல்ல நிறத்தோடு வரும். கட்டத்தோடு சண்டை போடாமல் உருவத்தையே கட்டத்துக்கு ஏற்ற அளவில் பெரிதாக்கிவிட்டார். என் வில்லுக்கும் கடைசியில் அந்த வழியைத்தான் எடுத்தேன். வில்லைச் சாய்க்காமல் நேராக்கி, எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளியாக நகர்த்தி, ஒரு வரிசைக் கட்டத்தை முழுக்க அதற்கே ஒதுக்கினேன். கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் போகிறது, ஆனால் நிறம் கெடவில்லை.

இன்னொரு வழி அண்மைக் காலத்தில் வந்தது, கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஒரு கட்டத்துக்கு எட்டுக் கோடு உண்டு இல்லையா, யூ.எல்.ஏ. ஒவ்வொரு கோட்டை வரையும்போதும் அந்த நிற பைட்டைப் புதிதாகப் படிக்கிறது. அப்படியானால், அது ஒரு கோட்டைப் படித்து முடித்து அடுத்ததற்கு வருவதற்குள் பைட்டை மாற்றிவிட்டால்? டிவியில் ஒரு கோடு வரையப்படும் நேரம் 224 துடிப்பு. அதற்குள் வரிசையின் 32 கட்டத்தையும் மாற்றிவிட நேரம் போதாது. பிரேசில்காரர் ஐனார் சாவ்காஸ் செய்த நிர்வாணா என்ற இன்ஜின் இரண்டு கோட்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறது. எட்டுக்கு எட்டு என்ற கட்டம் எட்டுக்கு இரண்டாகச் சுருங்குகிறது. 1982-ல் விற்ற அதே பெட்டியில்தான் ஓடுகிறது. நிறம் அத்தனை நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது.

கமடோர் 64 வைத்திருந்தவர்கள் இதையெல்லாம் படித்துப் பரிதாபப்படுவார்கள். அவர்கள் பெட்டியில் விக்-2 என்று படத்துக்கே ஒரு சிப். 24-க்கு 21 புள்ளியில் ஸ்பிரைட் என்ற எட்டு நகரும் உருவங்களை அந்த சிப்பே தனியாக வைத்திருந்து, திரைக்கு அனுப்பும் கணத்தில் பின்னணியோடு கலந்துவிடும். ஓட்டை வெட்ட வேண்டாம், துடைத்துத் துடைத்து வரைய வேண்டாம். என் வில்லை நான் அதில் எழுதியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனாலும் அதில் பல நிறம் வேண்டும் என்றால் குறுக்கே 320 புள்ளி 160 ஆகிவிடும், புள்ளி ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி அகலம். கோட்டோவியத்தின் கூர்மை ஸ்பெக்ட்ரத்தில்தான் இருந்தது என்று நான் இன்றும் சொல்வேன்.

சத்தத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். கமடோர் 64-ல் பாப் யானிஸ் வடிவமைத்த சிட் என்ற சிப் இருந்தது. பின்னால் என்சோனிக் என்ற சின்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். மூன்று குரல், ஒவ்வொன்றுக்கும் அலையின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஸ்வரம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லலாம், மேலே ஒரு ஃபில்ட்டர். அது ஒரு வாத்தியம். ஸ்பெக்ட்ரத்தில் இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பிட்டும்.

மாமாவின் கேசட்டில் படத்துக்குப் பிறகு வந்த புரோகிராம் அந்த ஒரு பிட்டைப் பற்றியதுதான். பேசிக் மொழியில் பீப் என்று ஒரு கட்டளை உண்டு. முதல் எண் எத்தனை விநாடி, இரண்டாவது எண் நடு சி-யிலிருந்து எத்தனை அரைச்சுரம் மேலே. நடு சி என்பது நம் ஒரு கட்டை சுருதி. மாமா எழுதியிருந்தது: பீப் .5,0. பீப் .5,1. அப்புறம் 4, 5, 7, 8, 11, 12. மாயாமாளவகௌளை ஆரோகணம். சரளி வரிசை முழுக்க இருந்தது.

எமுலேட்டரில் ஓடவிட்டேன். ஒரு கொசு பாட்டு கற்றுக்கொள்வது மாதிரி இருந்தது. ஆனால் சுருதி சுத்தம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவே ஒரு சின்ன முறிவு. புரோகிராமின் கடைசி வரியில், இயந்திரம் கண்டுகொள்ளாத குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தார்: "கமகம் வரவில்லை."

ஸ்வரத்தை அசைத்து வழுக்குகிற கமகம் அதில் வராது. ஏன் என்று பார்த்தால் அந்தக் காலத்து விளையாட்டுச் சத்தம் முழுக்க விளங்கிவிடும். ஸ்பீக்கரைத் தானாக அதிரவைக்க அந்தப் பெட்டியில் எதுவும் கிடையாது. இசட்80 தானே அந்தப் பிட்டை ஒன்றாக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பூஜ்யமாக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். ஒரு கட்டை ஸட்ஜத்துக்கு 6,689 துடிப்பு அந்தப் பக்கம், 6,689 துடிப்பு இந்தப் பக்கம். இதை விநாடிக்கு 261 தடவைக்கு மேல் செய்ய வேண்டும். அத்தனை நேரமும் அது வேறு வேலை பார்க்க முடியாது. ஸ்வரம் ஒலிக்கிறது என்றால் ஆட்டம் நிற்கிறது என்று அர்த்தம். தொண்ணூறுகளில் நாமெல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் கேட்ட பிசி ஸ்பீக்கர்கூட இதைவிட வசதியானது. அதற்கு ஒரு டைமர் சிப் இருந்தது, எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிராசசர் தன் வேலையைப் பார்க்கலாம்.

1983-ல் மேத்யூ ஸ்மித் எழுதிய மேனிக் மைனரில் ஆட்டத்துக்கு நடுவிலேயே பாட்டு வரும். நார்வேக்காரர் கிரீக் என்பவரின் மெட்டு. கவனித்துக் கேட்டால் அது தொடர்ச்சியாக இருக்காது. டிக், டிக், டிக் என்று நறுக்கினாற்போல இருக்கும். உருவங்களை எல்லாம் நகர்த்தி வரைந்துவிட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு துளி ஸ்வரம், மறுபடி வரைதல், மறுபடி ஒரு துளி. காது அந்தத் துளிகளைக் கோத்துப் பாட்டாக்கிக்கொள்கிறது.

டிம் ஃபாலின் வேறு பக்கம் போனார். 1987-ல் வந்த குரோனோஸ் விளையாட்டின் முகப்புப் பாட்டைக் கேளுங்கள். ஒரு பிட் ஸ்பீக்கரில் தாளம், அடிநாதம், மேலே மெட்டு எல்லாம் ஒரே நேரத்தில். முகப்பில் எதுவும் அசைய வேண்டியதில்லை என்பதால் இசட்80-ன் மொத்த உழைப்பையும் பாட்டுக்கே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு எண்ணி. எல்லா எண்ணியையும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வந்து, எது பூஜ்யத்தைத் தொடுகிறதோ அதன் பேரில் ஸ்பீக்கரை ஒரு நொடித்துளி மட்டும் தட்டுவது. தட்டு மிகக் குறுகலாக இருப்பதால் ஒரு குரல் இன்னொன்றின் மேல் விழுந்து கெடுப்பது குறைவு. கொஞ்சம் அகலமாகத் தட்டினால் அந்தக் குரல் சத்தமாகக் கேட்கும். ஒலியின் அளவு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் அதை நேரத்திலிருந்து செய்து எடுத்தார். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்படியானால் கமகமும் முடியும். பீப் கட்டளை பின்ன எண்ணையும் ஏற்கும். அரை என்று போட்டால் சி-க்கு மேலே கால் சுரம். ஆனால் ஒவ்வொரு பீப்பும் தனித்தனியாக முடிந்து தொடங்குவதால் படியேறுவது போலத்தான் கேட்கும். நேரடியாக இயந்திர மொழியில் எழுதினால், காத்திருக்கும் எண்ணை ஒவ்வோர் அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகலாம். 6,689-லிருந்து 6,313-க்கு வழுக்கிப் போய்த் திரும்பினால் ஸட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு ஓர் அசைவு. நாற்பது சொச்சம் பைட்டில் எழுதி முடித்தேன். ஓடவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "அசைவு வருது கண்ணு. ஆனா ஏன் இப்படிக் கரகரங்குது? நான் போட்டப்ப இப்படி இல்லியே."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாமாவின் ஸ்வரம் சுத்தமாக நின்றது, என்னுடையதில் மணல் கலந்திருந்தது. அன்று இரவு முழுக்க என் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன், தப்பே இல்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் 16384-லிருந்து 32767 வரையுள்ள முகவரிகள் யூ.எல்.ஏ.-வும் இசட்80-ம் பங்குபோட்டுக்கொள்கிற இடம். யூ.எல்.ஏ. திரையை வரைய அங்கே படிக்கிறபோது இசட்80-ஐ வாசலிலேயே நிறுத்திவிடும். என் புரோகிராமை நான் 30000-ல் வைத்திருந்தேன். விநாடிக்கு 50 தடவை, திரை வரையும் நேரத்தில் எல்லாம் என் ஸ்வரம் தடுக்கி விழுந்து எழுந்திருக்கிறது. மாமாவின் பீப் ரோம் (ROM) என்ற நிலையான நினைவகத்திலிருந்து ஓடியது. அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள். நான் கேட்ட அந்த மணல், வயலின் படம் வரையப்படும் சத்தம்.

32768-க்கு மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் காலை மாமா காபி குடிக்கிற நேரம் பார்த்துப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். ஸட்ஜம் எழுந்து, ரிஷபத்தைத் தொட்டு, அசைந்து, இறங்கி வந்தது.

"இப்பச் சரி" என்றார். டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. "ரிஷபம் மட்டும் இன்னும் ஒரு நூல் கீழ வரோணும். எத்தனை வெச்சிருக்க?"

"6,313-ங்க மாமா."

"6,340 வெச்சுப் பாரு."